பந்துக்கு அஞ்சிய அரசு

தோழனே!

"பள்ளிக்கூடமா, பொம்மைக் கடையா?" என்று கேட்கிறார் ஒருவர். "எங்கள் காலத்தில் பிரம்பு பேசிற்று, பிள்ளைகள் படித்தனர். இன்றோ ஆசிரியை பாடுகிறார், கை தட்டுகிறார், பிள்ளைகள் தரையில் அமர்ந்து அட்டைகளை அடுக்குகின்றனர். இதற்குப் பெயர் கல்வியா?" என்று குமுறுகிறார். கேட்பவர் மாற்று முகாமைச் சேர்ந்தவரானால், சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேட்பவர் நம்மவர், கொடி பிடித்தவர், சுவரொட்டி ஒட்டியவர், தம் பிள்ளையை அரசுப் பள்ளியிலே சேர்த்துவிட்டு, எதிர் வீட்டுப் பிள்ளை ஏறிச் செல்லும் மஞ்சள் நிறப் பேருந்தை ஏக்கத்தோடு பார்ப்பவர். அவருக்குப் பதில் கூறியே தீரவேண்டும்.

1851-ஆம் ஆண்டுக்கு என்னோடு வா. படைபலத்தால் பெயர் பெற்ற பிரஷ்யா ஓர் ஆணை பிறப்பிக்கிறது. எதனைத் தடுக்க? சதிகாரர் கூட்டத்தையா? அல்ல தோழனே, அல்ல! கம்பளி நூல் சுற்றிய பந்தையும், மர உருண்டையையும், சதுரக் கட்டைகளையும் வைத்துக்கொண்டு குழந்தைகள் விளையாடிய பள்ளிகளைத் தடுக்க! பிரடெரிக் புரோபல் என்ற ஆசிரியர் 1837-இல் பிளாங்கன்பர்க் எனும் சிற்றூரில் தொடங்கி, 1840-இல் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டிய பள்ளிமுறை அது. அங்கே நாத்திகம் வளர்கிறது, சமதர்மம் வளர்கிறது என்றார் அமைச்சர் ரௌமர். (நமக்கு மிகப் பழக்கமான குற்றச்சாட்டு அல்லவா!) புரோபலின் உடன்பிறந்தார் மகன் எழுதிய சிறு நூலை இவர் தலையிலே சுமத்திவிட்டார் அமைச்சர் என்றும் கூறுவர். மறு ஆண்டே புரோபல் மறைந்தார். தடை நீங்கியதோ 1860-இல்.

பீரங்கி வைத்திருந்தவன் பந்துக்கு ஏன் அஞ்சினான்? பிரம்பின் கீழ் வளரும் பிள்ளை "ஆம்" என்று சொல்லப் பழகுகிறது. கட்டை அடுக்கி, அது சரியக் கண்டு, மீண்டும் அடுக்கும் பிள்ளையோ "ஏன்?" என்று கேட்கப் பழகுகிறது. அடக்கி ஆள நினைப்பவனுக்கு முதற்பிள்ளையே போதும்; இரண்டாம் பிள்ளை தொல்லை.

இன்னொரு காட்சி. 1907 சனவரி, ரோம் நகரின் சான் லொரன்சோ பகுதி. கூலிக்குப் போகும் தாய் தந்தையர். பகலெல்லாம் கேட்பாரற்றுத் திரியும் பிள்ளைகள். தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையிலே அந்தப் பிள்ளைகளைச் சேர்த்தார் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி எழுதக் கற்றன, மணிச் சரங்களைத் தொட்டு எண்ணக் கற்றன அந்த ஏழைக் குழந்தைகள். அதே அம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். இன்று அவர் பெயர் எங்கே தொங்குகிறது? கட்டணம் கட்டிச் சேரும் பள்ளிகளின் பெயர்ப்பலகையிலே! சேரிப் பிள்ளைக்காகப் பிறந்த முறை, சீமான் வீட்டுப் பிள்ளையின் சொத்தாகிவிட்டது. பணம் படைத்தவர் தம் பிள்ளை விளையாடுவதற்குக் கட்டணம் கட்டுகிறார். நம் தோழரோ, இலவசமாகக் கிடைக்கும் அதே விளையாட்டைக் கண்டு "படிப்பு கெட்டது" என்கிறார். இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்ல!

"கையால் செய்து கற்பதுதானே? அன்று ஆச்சாரியாரும் அதைத்தானே சொன்னார்?" என்று கேட்கக்கூடும், வரலாறு அறிந்த தோழர். நல்ல கேள்வி. 1953-இல் வந்த திட்டம் என்ன? தொடக்கப்பள்ளி மூன்று மணி நேரம். மற்ற நேரம் அப்பன் தொழில். குயவர் பிள்ளை சக்கரத்துக்கு, சலவையாளர் பிள்ளை துறைக்கு. தமிழகமே கொதித்தது, ஆச்சாரியார் பதவி விலகினார், 1954-இல் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். வகுப்பறையில் களிமண்ணைப் பிசையும் பிள்ளை இன்று யானை செய்யும், நாளை வானூர்தி செய்யும். எதைச் செய்வதென்று தானே தீர்மானிக்கும். குலக்கல்வியில் அந்தக் களிமண் பிறப்பால் ஒட்டிக்கொண்டது. அங்கே தேர்வு இல்லை, விளையாட்டும் இல்லை. இரண்டையும் ஒன்றென்பது இருட்டையும் நிழலையும் ஒன்றென்பது போலாகும்.

நம் மண்ணில் நடந்ததைப் பார். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில், சிற்றூர்ப் பள்ளிகளுக்காக அட்டைகளால் ஆன கற்பித்தல் முறை ஒன்றை உருவாக்கியிருந்தனர். அதைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-08-இல் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. கற்றல் ஏணி ஒன்று சுவரிலே. அதன் படிதோறும் ஒரு சின்னம். பிள்ளை தானே எழுந்து சென்று தன் அட்டையை எடுக்கும். முடித்தால் அடுத்த படி. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து வந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரும். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை. இவற்றையெல்லாம்விட என் நெஞ்சைத் தொட்டது ஒன்று: ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையிலே, பிள்ளைகளோடு, பாயிலே அமர்ந்தார். கோதண்டத்திலே பிள்ளையைத் தொங்கவிட்ட திண்ணைப் பள்ளி மரபுள்ள நாட்டில் இது சிறு மாற்றமா? தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டு என்று சொல்லப்பட்டவனின் பேரப்பிள்ளைக்கு, ஆசிரியரின் கண்ணுக்கு நேர் கண் வைத்துப் பேசும் உரிமை!

குறை இல்லையா? உண்டு. ஏணியில் படி ஏற்றினால் போதும், புரிந்ததா என்று பார்க்க வேண்டாம் என்ற அளவுக்குப் பல இடங்களில் அது சடங்காயிற்று. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் எந்த முறையும் மூச்சுத் திணறத்தான் செய்யும். கொரோனாக் கால இடைவெளியை நிரப்ப 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பாட்டும் பொம்மையும் ஆட்டமுமாய்க் கற்பிக்க முனைந்தது. அதிலும் ஆசிரியரின் பொழுதைப் பதிவேடும் கைப்பேசியும் தின்கின்றன என்ற முறையீடு எழுந்தது. அந்த முறையீட்டைக் காதில் வாங்காமல் விளையாட்டுக் கல்வியை வாழ்த்திப் பேசுவது வெறும் மேடைப் பேச்சாகிவிடும்.

"விளையாடினால் மனத்தில் நிற்குமா?" என்பார்க்கு நாடகக்காரன் என்ற முறையில் ஒரு சொல். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த தோழர்கள், பக்கம் பக்கமான வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் பேசுவதை ஒத்திகைதோறும் காண்கிறேன். எவரும் அவர்களை அடித்து மனப்பாடம் செய்விக்கவில்லை. அரசனாகவும் அமைச்சனாகவும் ஆடினர். ஆட்டத்தோடு சொல்லும் ஒட்டிக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு நீதி? 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஆணையிட்டனர். எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் விலக்கிக்கொண்டனர். அந்தத் தேர்வு நிலைத்திருந்தால் எந்த ஆசிரியர் பாயிலே அமர்ந்திருப்பார்?

ஆனால், ஆட்டம் என்றாலே அறிவு என்று நான் கூறவில்லை. பரமபதம் ஆடியிருப்பாய். தாயம் விழுந்தால் ஏணி. இல்லையேல் பாம்பின் வாய். ஆடுபவன் மூளைக்கு அங்கே வேலையே இல்லை. தலைவிதியைத் தவிர வேறொன்றையும் அது கற்பிப்பதில்லை. பக்கத்திலேயே ஆடுபுலி ஆட்டத்தை வை. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. தனித்து நின்ற ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். அடுத்த இடத்தையும் அடைத்து நின்றால் புலி தாண்ட முடியாது. நாற்புறமும் சூழ்ந்தால் புலி அசைய முடியாது. இதைவிடச் சிறந்த அரசியல் வகுப்பை நான் நடத்தியதில்லை. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்று பல்லாங்குழியை வைத்தால் பெருக்கலும் வகுத்தலும் விரல் நுனிக்கு வரும்.

கணிப்பொறி விளையாட்டுக்கும் இதே உரைகல்தான். 1971-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், பயிற்சி ஆசிரியர் டான் ராவிட்ச் தம் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக, நண்பர் இருவருடன் 'ஓரிகன் டிரெயில்' என்ற விளையாட்டை உருவாக்கினார். திரைகூட இல்லை, தொலை அச்சுப் பொறி காகிதத்தில் அடித்துக் கேட்கும். மேற்கு நோக்கிக் குடிபெயரும் வண்டிக்காரன் நீ. கையிருப்பில் மாட்டுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று நீயே முடிவு செய். கணக்குத் தவறினால் வழியிலே மடிவாய். பின்னர் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணிப்பொறி அமைப்பு அதைப் பள்ளிகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. ஆசிரியர் படைத்தார், மாநிலம் பரப்பியது. இருப்பினும் அந்த ஆட்டம் வண்டியிலிருந்துதான் உலகைப் பார்த்தது. வண்டி உருண்ட மண்ணுக்குச் சொந்தக்காரரான பழங்குடியினரின் கண்ணால் பார்க்கவில்லை. ஆட்டத்தை எவன் செய்கிறானோ அவன் வரலாறுதான் அதற்குள் இருக்கும். ஆகவேதான், கீழடியையும் வைகையையும் வைத்து, நம் ஆசிரியர் தமிழிலே செய்த ஆட்டங்கள் நம் பள்ளித் திரைகளுக்கு வேண்டும் என்கிறேன். விற்பவன் கொடுத்ததை ஏற்றிவிட்டால் போதாது.

"இணையச் சூதாட்டத்துக்குத் தடை கேட்டவர்கள் நாம்; 2022-இல் சட்டமன்றம் சட்டம் இயற்ற, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023-இல் மீண்டும் நிறைவேற்றிய நாட்டில் இது முரண் அன்றோ?" என்பார் உளர். பணத்தை வைத்து ஆடி, குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவது ஒன்று. மணியை வைத்து ஆடி, மூன்றாம் வாய்பாட்டை அறிவது மற்றொன்று. விளக்கம் வேண்டாத வேறுபாடு.

இனி உனக்குள்ள வேலை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்த நாற்காலிகளில் நம் தோழர் பலர் இருக்கின்றனர். ஒப்பமிட்டுத் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பாதே. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிறாரா? அட்டைகள் பிள்ளைகளின் கையில் உள்ளனவா, பீரோவில் உறங்குகின்றனவா? திரை வாரத்தில் எத்தனை நாள் எரிகிறது? ஆசிரியர் எண்ணிக்கை போதுமா? கேள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல். ஆசிரியர் பணியிடம் காலி என்றால் அதையும் தீர்மானமாக்கி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பு. எதிர் வீட்டு மஞ்சள் பேருந்தைப் பார்த்து ஏங்கும் அந்தத் தோழரையும் உடன் அழைத்துப் போ. அரை மணி நேரம் அவரைத் தன் பிள்ளையின் பக்கத்தில், அந்தப் பாயிலே, உட்கார வை.