குளவியும் ஊசியும்

றொசல்லப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் எத்திசையிலும் தேயிலை மலைகளே. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர் என்னும் செய்தி, அட்டன், வட்டவளைப் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் வருகின்றது. நாமும் படித்துவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகின்றோம்.

குளவி கொட்டியவர் எல்லோரும் மாள்வதில்லை. ஆனால், அந்நஞ்சு ஒவ்வாத உடலில் சில நிமிஷங்களுக்குள் தொண்டை வீங்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் வீழும். அவ்வேளைக்குரிய முதல் மருந்து அட்றினலின். நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய மருந்து, விலையும் அதிகமன்று. வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். உடலெங்கும் கொட்டு வாங்கியவருக்கு இது மட்டும் போதாது. சிறுநீரகத்தைக் காக்க வைத்தியசாலைக்கே செல்லவேண்டும்.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு 2017-இல் இந்திய உதவியால் புதிய கட்டடம் கிடைத்தது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி வருகின்றது. நன்று. ஆயினும் வண்டி நிற்பது பாதையில். பெண் வீழ்ந்து கிடப்பது மலையில். சுமந்து இறக்கும் அந்நேரத்தில்தான் உயிர் ஊசலாடுகின்றது.

இதே இக்கட்டை மேல்நாட்டார் வேறொரு நஞ்சில் கண்டனர். ஹெரோயின் முதலிய அபினி வகைகள் மிஞ்சினால் மூச்சு அடங்கும். நலொக்சோன் அதனை மீட்கும். வைத்தியருக்காகக் காத்திருந்தால் பிணமே மிஞ்சும். ஆகவே, அருகிலிருக்கக் கூடிய எவருக்கும் அம்மருந்தும் பயிற்சியும் கிடைக்கவேண்டுமென 2014-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2023-இல் அமெரிக்கா, மூக்கில் தெளிக்கும் நலொக்சோனை வைத்தியர் சீட்டின்றி விற்க அனுமதித்தது. போதைக்கு அடிமையானவனுக்கு இத்தனை பரிவா என முகஞ் சுளிப்பாருண்டு. நான் சுளிக்கவில்லை, கொழுந்து பறிப்பவளுக்கும் அந்தப் பரிவைக் கேட்கின்றேன்.

அட்றினலின் நலொக்சோனைப் போலச் சாதுவானதன்று. நெஞ்சு படபடக்கும், நலிந்த இருதயத்துக்கு இடரும் தரலாம். ஆதலால் எல்லோர் கையிலும் கொடுக்கச் சொல்லவில்லை. மலைக்கொரு கங்காணியோ, அநுபவமுள்ள ஒரு பெண்ணோ தோட்ட வைத்திய உதவியாளரிடம் முறையாக ஊசி போடப் பழகட்டும். மருந்துக் குப்பிகளை வெளிச்சம் படாமல் ஒரு பெட்டியில் வைத்து, காலாவதித் திகதியை மாதந்தோறும் பார்த்துக்கொள்ளட்டும். கொழுந்தை நிறுக்கத் தராசு மலைக்கே வருகின்றதே. அத்துடன் இச்சிறு பெட்டியும் வரலாம். அதன் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்காமல், தோட்டக் கம்பனியே ஏற்கவேண்டும்.