மிச்சமும் ஒரு லாபமே

சுற்றுச்சூழல் என்றாலே வியாபாரிக்குச் செலவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வரவுதான்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. கம்பெனி சரக்குகள் பிளாஸ்டிக் உறையிலேயே வரும்போது, அபராதம் மட்டும் நம் தலையிலா என்ற மனக்குறை நியாயமானதே. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் பை கொண்டுவந்தால், நாம் இனாமாகக் கொடுத்துவந்த பையின் காசு கல்லாவிலேயே நிற்கிறது.

கரண்டு பில்லையும் பாருங்கள். பழைய 40 வாட் டியூப் லைட், சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. விளக்கே அந்த இடத்துக்குப் போதும். ஐந்து விளக்குகள் தினம் பத்து மணி நேரம் எரிந்தால், மாதம் 45 யூனிட் மிச்சம்.

எனவே நம் சங்கங்கள் துணிப்பைகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தர முன்வர வேண்டும். பையோடு வரும் வாடிக்கையாளரை நாமும் பாராட்டுவோம்.

சிக்கனம் வியாபாரிக்குப் புதிதல்ல. இந்தச் சிக்கனத்தால் ஊர்ச் சாக்கடையும் அடைபடாது. நம் கடையும் நிமிரும்.