சட்டம் அறிவோம்: படம் உங்களுடையது, முகம்?

கேள்வி: பெருநாளன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் படமெடுத்தேன். இணையத்தில் விற்கலாமா?

பதில்: சகோதரி, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எடுத்த படத்தின் பதிப்புரிமை உங்களுக்கே. உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும்.

ஆனால் முகம் பிள்ளையுடையது. ஷட்டர்ஸ்டொக் போன்ற தளங்கள், முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கு விற்க எழுத்து மூலச் சம்மதம் கேட்கின்றன. சிறுபிள்ளையென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். “எடுங்க ராத்தா” என்று வாயால் சொன்னது போதாது.

அங்கு நீங்கள் விற்பது பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. ஆயினும் ஒருவர் வாங்கிய பின், நீங்கள் படத்தை நீக்கினாலும் அவரது அனுமதி தொடரும். எந்த நாட்டு விளம்பரத்தில் அம்முகம் வருமென்று உங்களுக்கே தெரியாது. இதையும் பிள்ளையின் உம்மாவிடம் விளக்கிவிட்டே கையொப்பம் கேளுங்கள். அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். மருதோன்றிக் கையும் வட்டிலாப்பமும் அழகான படங்கள்தாமே!