சித்திரத்துக்கு நடிகர்கள் வந்தால் யார் சொல் செல்ல வேண்டும்?

ஜப்பானிய சித்திரப் படத்தை மனித நடிகர்களைக் கொண்டு மீண்டும் தொடராக எடுத்தால் அது உருப்படுமா? உலகெங்கும் லட்சக்கணக்கான இளைஞர்கள் இதைப் பற்றிக் காரசாரமாக வாதாடுகிறார்கள். நம் தோழர்களின் வீட்டுப் பிள்ளைகளும் கைபேசியில் இப்படங்களைப் பார்க்கிறார்கள். “பொம்மைப் படத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?” என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தப் பேச்சில் கூலியும் இருக்கிறது, கப்பம் கட்டி நொந்த ஒரு கிராமமும் இருக்கிறது.

‘ஒன் பீஸ்’ என்ற கதையை எடுத்துக் கொள்வோம். ஏய்ச்சிரோ ஓடா என்ற சித்திரக்காரர் 1997 ஜூலையில் ஒரு வார இதழில் இதை வரையத் தொடங்கினார். 1999-ல் தோயே என்ற படக் கம்பெனி இதைத் தொலைக்காட்சிச் சித்திரப் படமாக்கியது. ஜப்பானியர்கள் இவ்வகைப் படத்தை ‘அனிமே’ என்கிறார்கள். கால் நூற்றாண்டைத் தாண்டியும் கதை முடியவில்லை! 2023 ஆகஸ்டு 31 அன்று அமெரிக்க நெட்பிளிக்ஸ் கம்பெனி நடிகர்களை வைத்து எட்டு அத்தியாயத் தொடராக இதை வெளியிட்டது. சித்திரப் படம் நாற்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் சொன்ன கதையை எட்டில் அடக்கினார்கள்.

கதாநாயகன் லூஃபி கடற்கொள்ளைக்காரன். கொள்ளைக்காரனா கதாநாயகன் என்று கேட்கலாம். இக்கதையில் அரசாங்கக் கப்பற்படையின் உடுப்பை அணிந்தவர்களிலும் கொள்ளைக்காரர்கள் உண்டு.

இதில் நாமி என்ற பெண்ணின் ஊர்க் கதைதான் நம் நெஞ்சைத் தொடுவது. ஆர்லாங் என்ற கொடியவன் அவ்வூரைப் பிடித்துக் கொள்கிறான். உயிரோடிருக்க மாதந்தோறும் கப்பம் கட்ட வேண்டும். மூலக்கதையில் பெரியவர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம், குழந்தைகளுக்கு ஐம்பதாயிரம். நாமியையும் இன்னொரு சிறுமியையும் எடுத்து வளர்த்த தாயிடம் இருந்ததோ ஒரே ஒரு லட்சம். ‘எனக்குக் குழந்தைகள் இல்லை’ என்று ஒரு பொய் சொன்னால் அவள் பிழைத்துக் கொள்ளலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பணத்தைக் கட்டிவிட்டுத் தான் சுடப்பட்டுச் சாகிறாள். பின்னர் நாமி அந்தக் கொலைகாரனிடமே கடல் வரைபடம் வரையும் வேலைக்குத் தள்ளப்படுகிறாள். அவள் பிடித்த பேனாவில் இரத்தக் கறை படிந்திருக்கிறது. பத்துக் கோடி சேர்த்துக் கொடுத்தால் ஊரை விட்டுவிடுகிறேன் என்று ஆர்லாங் வாக்களிக்கிறான். சேரும் தறுவாயில், அவனிடம் லஞ்சம் வாங்கிய கப்பற்படை அதிகாரி வந்து அந்தப் பணத்தைப் பறிமுதல் செய்துகொண்டு போகிறான்!

நடிகர்கள் வந்த தொடரில் இந்தக் கதை உயிரோடு வந்திருக்கிறது. நாமி தன் தோளில் குத்தப்பட்ட ஆர்லாங்கின் சின்னத்தைத் தானே கத்தியால் குத்திக் கிழிக்கிறாள். லூஃபி தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைக்கிறான். இவற்றைக் கெடுக்காமல் எடுத்திருக்கிறார்கள். வேறு பல சம்பவங்களை வெட்டியிருக்கிறார்கள். சண்டைகள் சில சப்பென்று இருக்கின்றன. ரப்பர் போல் கை நீள்வது சித்திரத்தில் அழகாயிருக்கும், மனித உடம்பில் அவ்வளவு அழகில்லை. போகட்டும். கிராமத்தின் துயரம் வந்துவிட்டது, அது போதும்.

இதே நெட்பிளிக்ஸ் 2021 நவம்பரில் ‘கௌபாய் பீபாப்’ என்ற தொடரை வெளியிட்டுத் தோற்றது. மூன்று வாரம் முடியுமுன்பே இனிமேல் எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். 1998-ல் வந்த மூலச் சித்திரப் படத்தின் உடை, கப்பல், இசை எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். இசையமைத்தவரும் பழைய யோகோ கன்னோதான். குறை எங்கே? மூலத்தின் முதல் அத்தியாயத்திலேயே, மாட்டிறைச்சிப் பொரியல் என்று தட்டில் வைக்கிறார்கள், அதில் இறைச்சி இல்லை, வெறும் குடைமிளகாய்! கையில் காசில்லை. அந்தப் பசிதான் கதையின் ஆணிவேர். புதிய தொடரில் வாய்ப்பேச்சு பெருகிற்று, பசி காணாமல் போயிற்று. மூலத்தை இயக்கிய வதனபே, தனக்கு அனுப்பப்பட்ட படத்தில் தொடக்கக் காட்சிக்கு மேல் பார்க்க முடியவில்லை என்று பின்னால் சொன்னார். ஆலோசகர் என்று அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். பெயர் இருந்தது, அதிகாரம் இல்லை.

ஓடாவின் நிலை வேறு. தனக்குத் திருப்தி ஏற்படும் வரை தொடரை வெளியிடக் கூடாது என்று கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்தார். எடுத்து முடித்த காட்சிகள் சிலவற்றை அவர் சொல்லுக்காகத் திரும்பவும் எடுத்தார்கள். கோடிகளை முடக்கிய முதலாளி ஒரு சித்திரக்காரரின் சொல்லுக்குக் காத்திருந்தான் என்றால், அவர் கையில் உரிமை இருந்ததே காரணம். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கதையைத் தொலைக்காட்சியில் அசைய வைத்தது ஓடா ஒருவரா?

சித்திரப் படத்தில் ஒருவன் கையை உயர்த்தினால், தொடக்கத்தையும் முடிவையும் ஒருவர் வரைவார். இடையிலுள்ள ஒவ்வொரு அசைவையும் வேறொருவர் வரைய வேண்டும். பாவு ஓட்டுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்பது போலத்தான். இடைப்படம் வரைபவருக்கு ஜப்பானில் பெரும்பாலும் பீஸ் ரேட். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 200 யென் என்று பல செய்திகளில் வந்திருக்கிறது. கை ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றத்துக்கு வந்த ஓர் அறிக்கை, இத்துறையின் குறைந்த கூலியையும் மிதமிஞ்சிய வேலை நேரத்தையும் கண்டித்தது. தோயே கம்பெனியோ இடைப்பட வேலையில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளாகப் பிலிப்பைன்ஸின் மணிலாவில் செய்து வாங்குகிறது. ஏன் என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டுமா?

இதே தோயேயில்தான், உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி 1963-ல் சாதாரண இடைப்படக்காரராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தொழிற்சங்கத்தின் தலைமைச் செயலாளரானார். இசாவோ தகஹாதா துணைத் தலைவர். இருவரும் சங்கத் தோழர்களோடு சேர்ந்து உழைத்த ‘ஹோருஸ்’ படம் 1968-ல் வந்தது. கிராமத்தார் ஒன்றுகூடிப் பகைவனை எதிர்க்கும் கதை அது.

ஒன் பீஸ் தொடர் வெளியான நாளில் அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எழுத்தாளர்கள் மே 2 முதல், நடிகர்கள் ஜூலை 14 முதல். ஆகவே அதில் நடித்த இளைஞர்கள் தம் தொடருக்காக ஒரு வார்த்தை விளம்பரம் பேசவில்லை. முதல் பெரிய வாய்ப்பு வந்த வேளையில் வாயை மூடிக்கொள்வது எளிதல்ல. எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் நின்றார்கள். அதிகம் பேர் பார்க்கும் தொடருக்குக் கூடுதல் பணம் என்ற ஷரத்தையும் உடன்பாட்டில் எழுதி வாங்கினார்கள்.

தோக்கியோவிலும் மணிலாவிலும் படத்துக்கு இவ்வளவு என்று வரைந்தவர்களுக்கு அந்த உடன்பாட்டில் இடமில்லை. சித்திரத்தை நடிகர் தொடராக்கும் உரிமை விற்கப்படும் போதெல்லாம், அந்தச் சித்திரத்தை வரைந்த தொழிலாளர்களுக்கும் ஒரு பங்கு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்கிறோம். நாமியின் கண்ணீரை நடிகை எமிலி ரட் அழுது காட்டினார், நன்றாகவே செய்தார். அவருக்கு முன் ஒவ்வொரு துளியாக வரைந்தவர்களும் கூலிக்காரர்கள்தாம்.