ராஜவம்சத்துக்கு மான்யம், குடிகளுக்கு வரி

ஒரு தேசத்தை ஜயித்தவன் அத்தேசத்து ராஜவம்சத்தாரைக் கௌரவித்தால், அதைப் பெருந்தன்மையென்று புகழ்வார் பலர். மெக்ஸிகோவில் ஸ்பானியர் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்தால், அக்கௌரவத்தின் உண்மையான கிரயம் விளங்கும்.

அஸ்டெக் சக்கரவர்த்தி மான்டெஸூமா 1520-இல் ஸ்பானியர்வசம் சிறைப்பட்டிருக்கையில் மாண்டார். மறுவருஷம் தலைநகரம் வீழ்ந்தது. இறுதிவரை அதைக் காத்து நின்ற குவாடெமோக் மன்னர் 1525-இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய விதவையும் மான்டெஸூமாவின் புத்திரியுமான இஸபெல்லுக்கோ, 1526-இல் ஸேனாபதி கோர்டெஸ் டகூபா என்னும் ஊரை, அதன் குடிகளின் ஊழியத்தோடும் கப்பத்தோடும் பரம்பரைப் பாத்தியமாக அளித்தான். எதிர்த்தவருக்குத் தூக்குக் கயிறு. எதிர்க்க இயலாத பெண்ணுக்கு மான்யம்!

அந்தச் சாஸனத்தின் வாசகம் கவனிக்கத்தக்கது. மான்டெஸூமா மனமுவந்து ஸ்பானிய மன்னருக்கு அடங்கினாரென்றும், மரணத் தறுவாயில் தம் பெண்களைக் கோர்டெஸிடம் ஒப்புவித்தாரென்றும் அதில் கண்டிருக்கிறது. மான்யத்தை ஏற்போர் இக்கூற்றையும் சேர்த்தே ஏற்கவேண்டியதாயிற்று. கொள்ளையிட்டவன் தானே கிரயப்பத்திரம் எழுதி, சொத்துக்குடையவன் மகளைச் சாட்சிக் கையொப்பமிடச் செய்ததை இது ஒக்கும். ஒப்புவிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அப்பெண்ணையே பின்னர்த் தன் குழந்தைக்குத் தாயாக்கியவன் இந்தப் பாதுகாவலன்! இஸபெல் அம்மையை நாம் குறைகூறவில்லை. தம் மரணசாஸனத்தில் சுதேசி அடிமைகளை விடுவித்தவர் அவர். குற்றம் அவரைக் கருவியாக்கிய ஆட்சியினுடையது.

பின்வந்தவர்களுக்குப் பட்டங்கள் பெருகின. மான்டெஸூமாவின் கொள்ளுப்பேரருக்கு 1627-இல் ஸ்பெயின் மன்னர் பிரபுப் பட்டம் சூட்டினார். அவ்வம்சத்தில் பெண்கொண்ட ஸ்பானியப் பிரபு ஒருவர் 1696-இல் மெக்ஸிகோவுக்கே ராஜப்பிரதிநிதியாக வந்தார். குடிகளின் கதி யாது? தலைநகரத்துச் சுதேசிகள்மீது 1564-இல் புதுவரி சுமத்தப்பட்டபோது, அதற்கு இணங்கிய பழியும் ராஜவம்சத்தவரான கவர்னர் லூயிஸ் ஸிபாக் தலையில் விழுந்தது. ஜனங்கள் அவர்மீதே சீறினர். வரி விதித்தவன் அந்நியன். வசை ஏற்றவன் சுதேசி! ராஜவம்சத்தை நிலைநிறுத்தியதால் அந்நிய ஆட்சி அடைந்த லாபம் இதுவே.

1821-இல் மெக்ஸிகோ சுதந்திரம் பெற்றது. பழைய ராஜவம்சத்தாரின் உபகாரச் சம்பளமோ 1934-இல்தான் நிறுத்தப்பட்டது. ஸ்பானியக் கொடி இறங்கியபின்னும், அது விட்டுச்சென்ற கடனைக் குடிமக்கள் நூறு வருஷத்துக்கு மேல் செலுத்தினர்.

வம்சத்தின் மான்யம் வேறு. தேசத்தின் மானம் வேறு. முன்னதை ஜயித்தவன் கொடுக்கலாம், எடுக்கலாம். பின்னதைக் குடிகளே காக்கவேண்டும்.