இருவருக்கு உலை வைக்கும் வீட்டில்

ஓய்வூதியம் வரவானதும் மளிகைச் சிட்டை எழுதுவது உசிலம்பட்டி வட்டாரத்துப் பல இல்லங்களில் இன்றும் தொடரும் வழக்கம். கடைக்காரருக்கு அந்தச் சிட்டை மனப்பாடம். அரிசி ஒரு சிப்பம், எண்ணெய் ஐந்து லிட்டர், சர்க்கரை மூன்று கிலோ, ரவையும் மைதாவும் தலா இரண்டு கிலோ. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த காலத்தில், பெற்றோரும் உடனிருந்தபோது எழுதிய அளவு அது. பெரியவர்கள் இறைவனடி சேர்ந்தனர்; பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் குடிபெயர்ந்தனர். உண்போர் இருவர். சிட்டை மட்டும் அறுவருக்கு உரியதாகவே நிற்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பகலில் சோறும் இரவில் சிற்றுண்டியும் கொள்ளும் முதிய தம்பதியர்க்கு நாளொன்றுக்கு 350 கிராம் அரிசி தாராளம். 26 கிலோ சிப்பம் எழுபது நாட்களுக்கு மேல் வரும். மாதந்தோறும் சிப்பம் இறக்கினால் மழைக்காலத்தில் வண்டுக்குத்தான் விருந்து. (அது ஏன் 26 கிலோ என்று சிலர் கேட்பதுண்டு. பெயர் அச்சிட்டு 25 கிலோ வரை கட்டிய அரிசிப் பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது; ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை. கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தரும் ஐந்து கிலோவுக்கும் வரி கிடையாது.) ஐந்து லிட்டர் எண்ணெயை இருவர் ஒரே மாதத்தில் தீர்த்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிக்கு மேல் ஆகிறது. எந்த மருத்துவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சர்க்கரையின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

இதைவிட வருந்தத்தக்கது அடுத்து நடப்பது. விலைவாசி ஏறிக் கை கடிக்கத் தொடங்கியதும் சிட்டையில் யாரும் கைவைப்பதில்லை. அன்றாடம் வாங்கும் பொருள்களே குறைகின்றன. இரண்டு பாக்கெட் பால் ஒன்றாகிறது. கீரைக்காரம்மாவை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். பழம், பூசைக்கு வைக்கும் இரண்டு வாழைப்பழத்தோடு நின்றுவிடுகிறது. பகல் சமையல் மிஞ்சினால் இரவில் அதையே உண்பது அநேகமாக அம்மையார்தாம். அவருக்குப் பருப்பு வேண்டாமாம். ரசமும் ஊறுகாயும் போதுமாம். இப்படிச் சொல்லும் தாய்மார்கள் இல்லாத தெரு இந்த நாட்டில் இல்லை.

இதனைச் சிக்கனம் என்று போற்றுவதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு ஏறக்குறைய 46 கிராம். கஞ்சியும் ஊறுகாயும் அதில் பாதியைக்கூடத் தொடாது. முதுமையில் தசை தளர்வதும், கோயில் படியில் கால் தடுமாறுவதும் இதனோடு தொடர்புடையவை. 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் கிடைத்துவிடும். நவராத்திரிச் சுண்டலை ஒன்பது நாளோடு நிறுத்திவிட வேண்டும் என்று எந்த ஆகமமும் விதிக்கவில்லை! எனவே குறைக்க வேண்டியவை அரிசி, எண்ணெய், சர்க்கரை, மைதா. குறைக்கக்கூடாதவை பருப்பு, பயறு, பால், காய்கறி.

அகவிலைப்படி உயர்ந்தும் ஏன் பற்றவில்லை என்ற ஏக்கம் பலருக்கு உண்டு. ஓய்வூதியர் பலருக்கு அந்தப் படி தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணைப் பற்றியே நகர்கிறது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அக்குறியீட்டில் உணவுக்கு உள்ள பங்கு 39 விழுக்காடு. அதற்கு முந்தைய தொடரில் 46 ஆக இருந்தது. வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் குடும்பச் செலவைக் கொண்டு அமைந்த அளவுகோல் அது. மருந்தும் உணவும் தவிர வேறு பெருஞ்செலவு இல்லாத முதியோர் இல்லத்தைக் கருதி அமைந்தது அன்று. ஆகவே படியை மட்டும் நம்பியிராமல் பொருள் வாங்கும் இடத்தையும் பருவத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வைகை அணை நிரம்பும் ஆண்டுகளில்தான் 58 கிராமக் கால்வாயில் நீர் காணும் மானாவாரிப் பூமி இது. ஒரு மழையில் விளைந்ததைக் குலுக்கையில் சேமித்து அடுத்த மழை வரை உண்ட மக்களுக்குப் பருவம் பார்த்து வாங்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை நீக்கி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துப் பானையில் அடைப்பது பாட்டிமார் கைக்கணக்கு. இருவருக்கு அது சில கிலோதான். காய்கறிக்கு உழவர் சந்தை உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட அத்திட்டம் உசிலம்பட்டிக்கும் வந்தது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பதால் பேரத்துக்கு அஞ்சும் முதியோருக்கு நிம்மதி. கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள்.

நியாய விலைக் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அதிகாரியாக இருந்தவர் வரிசையில் நிற்பதா என்று தயங்குவோர் உள்ளனர். திருவிழா அன்னதான வரிசையில் நிற்கும்போது அந்தத் தயக்கம் எங்கே போகிறதோ! நிற்க இயலாதோருக்கு வீட்டு வாசலிலேயே பொருள் வழங்க 2025 ஆகஸ்டு 12 அன்று ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எனத் தொடங்கிய அதற்குத் தாயுமானவர் திட்டம் என்று பெயர். காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, பேறுகால மகளுக்குத் தாயாகவே வந்து நின்ற திருச்சிராப்பள்ளிப் பெருமானின் திருநாமம் அது.

இருவரில் ஒருவர் முந்திக்கொள்ளும் நாளை எண்ணிப் பார்க்கப் பலரும் விரும்புவதில்லை. ஆயினும் கணக்கு அங்கேதான் கடுமையாகிறது. கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் பெற்ற அரசு ஊழியரின் ஓய்வூதியம், தொகுப்புப் பிடித்தம் நீங்கலாக, 30,000 என்றால், அவருக்குப் பின் துணைவியாருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அச்சம்பளத்தில் 30 விழுக்காடு, அதாவது 18,000. அகவிலைப்படி இரண்டுக்கும் தனி. வரவு ஐந்தில் மூன்று பங்காகிறது. செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அடுப்பு ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான். தனக்கென்று தனியாகச் சமைப்பானேன் என்ற சோர்வு வேறு சேர்ந்துகொள்ளும். மளிகைக் கடன், ரேஷன் அட்டை, வைப்புத்தொகை வட்டி வரும் தேதி ஆகிய மூன்றையும் கணவரே வைத்துக்கொண்டிருந்த இல்லங்களில் அம்மையார் படும் பாடு சொல்லி மாளாது. மாதச் சிட்டையை இனி அவர் கையால் எழுதட்டும். கடைக்காரர் அவரிடமும் கணக்குச் சொல்லிப் பழகட்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வருவதை அடுக்களை நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம்.

பூசைச் செலவைக் குறைத்தால் குற்றமாகுமோ என்று மனம் கலங்குவோர்க்குக் குசேலர் கொண்டுபோன அவல் எத்தனை பிடி என்பது தெரியாததன்று. காஞ்சி மகா சுவாமிகள் ஒவ்வோர் இல்லத்திலும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, திருக்கோயிலில் நைவேத்தியமாக்கி ஏழைகளுக்கு வழங்கச் சொன்னார்கள். அறுவருக்கான சிப்பத்தை நிறுத்தி ஐந்து ஐந்து கிலோவாக வாங்கத் தொடங்கிய வீட்டிலும் அந்த ஒரு பிடிக்கு இடம் உண்டு. வண்டு தின்ற அரிசியை அதற்கு எடுத்துவைக்க எந்த அம்மையாருக்கும் மனம் வராது.