ரமேஷ் ஷோத்தத்தை ஊருக்கு அழைப்போம்

1948இல் சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், ஜெர்மனியின் கொலோன் நகரில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஜாஸ் டிரம்மர், இசையமைப்பாளர். ஐரோப்பிய ஜாஸ் ரசிகர்கள் நன்கறிந்த பெயர். தாம்பரத்தில் டிரம்ஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லித் தருவதில்லை. இது நமக்குப் பெரிய இழப்பு.

1970களின் தொடக்கத்தில் ‘ஹ்யூமன் பாண்டேஜ்’ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். யாரிடமும் பாடம் கேட்காமல் தானே பழகிய கை. அதில் கிடைத்த புகழே போதும் என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா தாள வாத்தியக் கல்லூரிக்குப் போய்த் தவில் கற்றார். மேடையேறிப் பெயர் வாங்கிய பிறகு மறுபடி மாணவனாக உட்கார்ந்த அந்த முடிவுதான் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதையும் தீர்மானித்தது என்பது எங்கள் கணிப்பு.

தவிலை அருகிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பலாக்கட்டை உடம்பு. வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டிய கை சொற்களைப் பொழிந்துகொண்டே இருக்கும். தொப்பியில் விழும் குச்சி அவற்றை நறுக்கென்று வெட்டி நிறுத்தும். டிரம்ஸிலும் கைக்கும் காலுக்கும் தனித்தனி வேலை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று வாயால் சொல்லிச் சொல்லி ஊறியவர் ஜாஸின் நாலு எண்ணிக்கைக்குள் எந்த இடத்திலும் நுழைவார், சரியாக சமத்தில் வந்து சேர்வார். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியக் கலைஞர் ரபீ அபு கலீலின் ‘புக்ரா’ இசைத்தட்டைக் கேளுங்கள்: ஊத், சாக்ஸபோன், நடுவே நம்மூர்த் தாளம். அமெரிக்க சாக்ஸபோன் மேதை சார்லி மரியானோவோடும் வாசித்தார். சொந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர் ‘மெட்ராஸ் ஸ்பெஷல்’.

அவரிடம் ஒன்றான தவிலும் டிரம்ஸும் நம்மூரில் தனித்தனி. தென்சென்னைப் புறநகரில் இளம் டிரம்மர்கள் பலருக்குத் தேவாலயம்தான் முதல் மேடை. தவில்காரர்களுக்குக் கோயிலும் கல்யாண மண்டபமும். தாலி கட்டி முடிந்த கையோடு ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிடும். தவில் உறைக்குள் போய்விடும். ஒரே ஊரில் இருந்தும் இந்த இரு தரப்பும் சேர்ந்து உட்கார ஓர் இடமில்லை.

1937 முதல் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நினைத்தால் அந்த இடத்தைத் தரலாம். கல்லூரியின் ‘டீப் வுட்ஸ்’ கலைவிழாவில் ஒரு மாலையைத் தவிலுக்கும் டிரம்ஸுக்குமாக ஒதுக்குங்கள். ரமேஷ் ஷோத்தத்தை அழையுங்கள். செலவில் எங்கள் வாசகர்களும் பங்கெடுப்பார்கள்.